வெறுங்குழி வைக்கிற மனிதர்

முட்டுவலித் தைலத்தைப் பற்றி யாராவது பெருமை பேச ஆரம்பித்தால், ஆய்வுக்கூட டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வது எங்கள் கல்லூரியில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஆரம்பித்த நாளில் நானும் அங்கே இருந்தேன். அலுவலக உதவியாளர் ஒருவர் வேட்டியை முட்டுக்கு மேலே தூக்கிக் காட்டி, "பத்தே நாளு பாய். வலி போன இடம் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த முட்டுல தேச்சீரு?" என்றார்.

"ரெண்டுலயுந்தான்."

"ஒண்ண விட்டிருக்கணும்லா வே. தடவாத முட்டு எப்படி இருக்குன்னு தெரியாம, தைலம் கேட்டுச்சா, பத்து நாளு சும்மா இருந்தது கேட்டுச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீரு?"

உதவியாளர் வேட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இவருக்குத் 'தடவாத முட்டு' என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எழுதாம விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்னு பாத்தீங்களா மேடம்?" என்று கேட்கக்கூடிய ஆள் அவர்.

சங்கரன்கோவிலில் மனிதச் செல் வளர்க்கிற ஆய்வுக்கூடமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. இருந்தது. கல்லூரியின் கடைசிக் கட்டடத்தில் இரண்டே அறை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். மூலிகை சிரப் தயாரிக்கிற கம்பெனி ஒன்று தங்கள் சரக்குக்கு அறிவியல் அத்தாட்சி வேண்டுமென்று எங்கள் நிர்வாகத்தோடு பேசி அந்த இரண்டு அறையையும் அமைத்துக் கொடுத்திருந்தது. நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்டம் முடித்தால்தான் வேலை நிலைக்கும். பட்டத்துக்கான ஆய்வு அந்த இரண்டு அறையை நம்பி இருந்தது, அந்த இரண்டு அறையும் கம்பெனிக்கு நாங்கள் கொடுக்கப்போகும் ஒரு தாளை நம்பி இருந்தன. 'தடவாத முட்டு'தான் அங்கே டெக்னீஷியன். கடையநல்லூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வளைகுடாவில் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தினமும் புளியங்குடி வழியாக பஸ்ஸில் வருவார்.

டீக்கடையில் அவர் டீ குடிக்கிற அழகைப் பார்த்தால் கடைக்காரருக்கு ரத்தக்கொதிப்பு வரும். முதலில் சீனி போடாமல் கேட்பார். இரண்டு வாய் குடிப்பார். பிறகு கிளாஸை நீட்டி, "இப்பப் போடும்" என்பார். "எதுக்கு பாய் இந்தச் சடங்கு?" என்று கடைக்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார். "முந்தாநாள் டீ நல்லா இருந்துச்சு. தூள் நல்லதா சீனி கூடவான்னு பாக்கேன்" என்றார். சீனிதான் கூட என்று தெரிந்ததும் கடையை மாற்றிக்கொண்டார்.

ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? நாம் ஆசையாக ஒன்றைச் சொல்லும்போது குறுக்கே விழுந்து 'அப்படியா?' என்று கேட்கிறவரை யாருக்குப் பிடிக்கும்? அதிலும் நான் முன்கோபக்காரி. ஒருநாள் அவரை மடக்க நினைத்து, கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, "இதுக்கும் தடவாத நெத்தி வேணுமா பாய்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது ஒங்க நம்பிக்கை மேடம். அத அளக்க நான் யாரு? அந்த மண்ணு 'என்னை அளந்து பாத்தாச்சு'ன்னு எங்கயாவது போர்டு வச்சிருக்கா? இல்லல்லா. அளந்தேன்னு ஒருத்தன் சொன்னாத்தான் நான் கேள்வி கேப்பேன். நம்ம ரூம்புல நாம அளந்தேன்னு சொல்லுதோம். அப்பக் கேக்காம விட்டா அது பாவம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு கறுவல் இருந்துகொண்டே இருந்தது.

எங்கள் செல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கேயோ வெளிநாட்டில், என்றோ ஒரு மனிதரின் கல்லீரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. அந்த மனிதர் போய்ச்சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். செல்கள் மட்டும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு குப்பி எங்கள் ஊருக்கும் வந்தது. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற பெட்டியில், ரோஸ் நிறச் சத்துநீரில் அவை வளரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அவர் அவற்றை 'விருந்தாளிக' என்பார். காலையில் வந்ததும் முதல் கேள்வி, "விருந்தாளிகளுக்குச் சோறு வச்சாச்சா?" என்பதுதான்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு ஊருக்குள் பஸ் வராது. எல்லா வண்டியையும் வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கல்லூரிக்கும் விடுமுறை. அன்று பார்த்து விருந்தாளிகளுக்குச் சோறு மாற்ற வேண்டிய நாள். நான் ரதவீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தேன். எதிரே அவர் தலையில் ஈரத் துண்டோடு, ஜனங்களை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஊர் எல்லையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். "நீங்க சாமி பாருங்க மேடம். நான் போய் வச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தார். அந்த மாதிரி ஆளை வெறுக்கவும் முடியாது.

இனி என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஆவாரம்பூ. இளையரசனேந்தல் போகிற வழியெல்லாம் கரிசல் காட்டு ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அதைப் பறித்து நிழலில் உலர்த்தி, சாறு எடுத்து, அந்தச் சாறு மனிதச் செல்லைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பார்க்கிற முறை இதுதான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் பணியாரச் சட்டி மாதிரி வரிசையாகத் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். குழிகளில் செல்லை விதைப்போம். சில குழிகளில் பூச்சாறு ஊற்றுவோம், சிலவற்றில் ஊற்ற மாட்டோம். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதில் செல்லைச் சிதைக்கிற பெராக்சைடை விடுவோம். மறுநாள் ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்போம். உயிரோடு இருக்கிற செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல் மாற்றாது. எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். மெஷின் அதைப் படித்துச் சொல்லிவிடும்.

என் தட்டின் முடிவு வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். பெராக்சைடு மட்டும் பட்ட குழிகள் வெளிறிக் கிடந்தன. ஆவாரஞ்சாறு ஊற்றிய குழிகள் கத்தரிப்பூப் போல ஊதா. சாறு கூடக்கூட ஊதாவும் கூடியது. அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். "ஆவாரம்பூ மனுஷச் செல்லைக் காப்பாத்துது. நானே கண்ணால பாத்தேன்" என்று வாய் ஓயாமல் சொன்னேன். அறையைப் பெருக்க வந்த பெண் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று கேட்டாள். அவளுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.

அவர் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் மெஷின் கொடுத்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அடியே படாத செல்லு ஒண்ணு இருக்கு. அடிபட்டுச் சாறு குடிச்ச செல்லு ஒண்ணு இருக்கு. அடிபட்டது, படாததவிட நல்லா இருக்குன்னு மெஷின் சொல்லுது. ஒண்ணு, இந்தப் பூ அமுதமா இருக்கணும். இல்ல, நாம எங்கயோ கோட்டை விட்டிருக்கணும்."

"அமுதமா இருந்தா ஒங்களுக்கு என்ன பாய்?"

"சந்தோசந்தான். ஒரு வரிசை வெறுங்குழி வச்சுப் பாத்துருவோம். செல்லு போடாம, சாறும் சாயமும் மட்டும் ஊத்தி."

"செல் இல்லாத குழியில எதுக்குச் சாறு? யாரக் காப்பாத்த?"

"அதத்தான் பாக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லது நடந்தா ஒங்களுக்குப் பொறுக்காதா? வெறுங்குழி, தடவாத முட்டு, சீனி போடாத டீ! நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

வளைகுடாவில் நடந்த ஒரு சங்கதியை அவர் அதற்கு முன்பே ஒருதரம் சொல்லியிருந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்று வருகிற ஆளுக்கெல்லாம் சர்க்கரை கூட என்று காட்டியிருக்கிறது. டாக்டர்களும் மருந்தைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். இவர் ஒருநாள் ரத்தத்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தார். "வெறும் தண்ணிக்குச் சக்கரை வியாதின்னு சொல்லிச்சு மேடம்." மேலே போய்ச் சொன்னார். மெஷின் வாங்கிய அதிகாரிக்குக் கோபம் வந்து இவரைக் கண்ணாடிக் குப்பி கழுவுகிற அறைக்கு மாற்றிவிட்டார். ஒன்றரை வருஷம் குப்பி கழுவினார். "அதுவும் நல்லதுக்குத்தான். கழுவத் தெரிஞ்சவனுக்கு எங்கயும் சோறு உண்டு" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தை நான் பார்க்கவில்லை. கொஞ்சம் திமிர்தான் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது என் மேஜையில் ஒரு தட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து அவரே போட்டிருக்கிறார். முதல் இரண்டு வரிசையில் ஒரு செல்கூடக் கிடையாது. வெறும் குழி, ஆவாரஞ்சாறு, மஞ்சள் சாயம். அவ்வளவுதான். இரண்டு வரிசையும் கத்தரிப்பூப் போல ஊதா.

எங்கே தப்பு என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்கள் தட்டின் அடியில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். சாயம் ஊற்றுவதற்கு முன் பழைய சாற்றை எடுத்துவிட்டு மெதுவாகக் கழுவ வேண்டும் என்பது முறை. கழுவினால் கொஞ்சம் செல் பேர்ந்து போகும், எண்கள் தாறுமாறாகும். அதனால் கழுவாமல், சாறு கிடக்கிற குழியிலேயே சாயத்தை ஊற்றுவதை நான் பழக்கமாக்கி வைத்திருந்தேன். நேரமும் மிச்சம், எண்களும் அழகாக வரும். அந்தச் சாற்றுக்கே மஞ்சளை ஊதாவாக்குகிற குணம் இருந்திருக்கிறது. நான் இத்தனை நாளும் உயிர் என்று நினைத்து அளந்தது பூவின் சாயவேலையை.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க பாய்" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? நீங்க சொல்லுவீங்க."

அப்படி ஒரு நம்பிக்கையை என்மேல் வைக்கச் சொல்லி யார் அவரிடம் கேட்டார்கள்? நான் சொல்லவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடையில் கம்பெனி மேனேஜர் வந்து தட்டின் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!" என்றார். இவர் மூலையில் குப்பி கழுவிக்கொண்டே, "செத்தவன் எவனும் வந்து பழமொழி சொல்லப்போறதில்லையே சார்" என்றார். மேனேஜருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு விழுந்தது. அத்தாட்சித் தாளை அடுத்த புதன்கிழமை கையெழுத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் பெருக்குகிற பெண் நொண்டிக்கொண்டு வந்தாள். நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். காலைக் காட்டச் சொன்னார். இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போய், புண்ணில் நாற்றம் வந்தது. தன் பையில் வைத்திருந்த, சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினால் அவள் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"மாத்திரை போடுதியாம்மா?"

"நிப்பாட்டிட்டேன் பாய். ஆவாரம்பூத் தண்ணிதான் மூணு வேளையும் குடிக்கேன். மேடந்தான சொன்னாங்க, மனுசச் செல்லயே காப்பாத்துதுன்னு. அந்த மாத்திரை வயித்தப் புடுங்குது, இது நல்லாருக்கு."

அவள் அதைப் புகார் மாதிரிச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நன்றி மாதிரிச் சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அவர் ஆட்டோ பிடித்து அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் காலைக் காப்பாற்ற முடிந்தது. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜபாளையம் ரோட்டில் பஸ் திரும்பும்போது, "ஆவாரம்பூத் தண்ணி குடிக்கட்டும் மேடம், அதுல தப்பில்ல. மாத்திரைய நிப்பாட்டுனதுதான் தப்பு. நிப்பாட்ட வச்சது பூ இல்ல" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை. கல்லூரிச் செயலாளர் அறையில் மேனேஜர் அல்வாப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கெட்டித் தாளில் அச்சடித்த அத்தாட்சி. 'இந்த ஆவாரம்பூச் சாறு மனிதச் செல்களைச் சிதைவிலிருந்து முழுமையாகக் காக்கிறது என்பது எங்கள் ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். சோதனை செய்தவர், மேற்பார்வையிட்டவர்.

எங்கள் இருவரில் முதலில் டெக்னீஷியன் முன்னால் வைத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்து இடத்துக்கு மேலே, குண்டு குண்டான எழுத்தில் நிதானமாக எழுதினார்: 'செல் இல்லாத குழியிலும் இதே நிறம் வந்தது. ஆகவே இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாய் இது? கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுட்டுப் போக வேண்டியதுதான!" என்றார்.

"கையெழுத்துத்தான சார் போட்டிருக்கேன்."

"நீங்க வெறும் டெக்னீஷியன்."

"ஆமா சார். அந்த வெறுங்குழி போட்டது நாந்தான். அதான் எனக்குத் தெரியும்."

செயலாளர் கண்ணை மூடித் திறந்தார். "பாய், நீங்க வீட்டுக்குப் போங்க. போதும்" என்றார். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே போனார். என்னை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொல்லித்தான் செய்தேன் என்று பின்னால் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாமே.

மேனேஜர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். முன்யோசனைக்காரர், இரண்டு பிரதி வைத்திருந்தார். "டெக்னீஷியன் யாரு போட்டா என்ன, அத நாங்க பாத்துக்கிடுதோம். மேடம், நீங்க போடுங்க" என்று என் பக்கம் நகர்த்தினார். வேலை போய்விடும், பட்டம் நின்றுவிடும், அந்த இரண்டு அறையும் பூட்டப்படும். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு, 'மேடம் நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க' என்று கேட்டவளின் முகமும் தெரிந்தது. அவர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் காப்பி அடிக்கிற பிள்ளை மாதிரி, அந்த இரண்டு வரியையும் அப்படியே எழுதினேன். கூட ஒரு வரி என்னுடையது: 'கழுவாமல் சாயம் ஊற்றியது என் தவறு.' கையெழுத்துப் போட்டேன்.

"நாளையிலேருந்து அந்த லேப் கிடையாது. நீங்களும் வர வேண்டாம்" என்றார் செயலாளர். மேனேஜர் அல்வாப் பெட்டியை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் பையை எடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். செயலாளர் வீட்டுக்குப் போகச் சொன்ன மனிதர் கையுறை போட்டுக்கொண்டு, செல்களுக்குச் சோறு மாற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒங்களைப் போகச் சொல்லிட்டாங்கல்லா?"

"என்னயத்தான் போகச் சொன்னாங்க. இதுகளச் சொல்லலியே." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். பாராட்டுவார் என்று ஓர் அற்ப ஆசை எனக்கு இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சூட்டுப்பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தார். "நேத்தே விதைச்சு வச்சிட்டேன். ஒழுங்கா ஒருதரம் போட்டுப் பாத்துருவோம். கழுவி, வெறுங்குழியும் வச்சு. அந்தப் பூ பாவம், அதுக்கு இன்னும் நாம நியாயமா ஒரு சோதனை வைக்கல."

"முடிவு நாளைக்குத்தான வரும்? நாளைக்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே."

"வரத்தான் செய்யணும். வந்தாத்தான படிக்க முடியும்?"

வந்தோம். நான் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் எங்களைத் தடுக்கவில்லை. செயலாளர் பத்து மணிக்கு மேல்தான் வருவார் என்று அவராகவே சொன்னார். அன்று தட்டை அவர் கழுவியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழியின் ஓரச் சுவரில் துளித்துளியாக நீரை வழியவிட்டு, மறுபடி உறிஞ்சி, ஒரு செல்கூடப் பேராதபடி. ஒன்றரை வருஷம் குப்பி கழுவிய கை அது. சாயம் ஊற்றிக் காத்திருந்தோம். ஆள் அனுப்பி இரண்டுமுறை எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். இரண்டுமுறையும் அவர், "இந்தா ஆயிட்டு" என்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலேயே சொன்னார். மூன்றாவது தடவை நானே கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

வெறுங்குழிகள் இந்தமுறை ஊதாவாகவில்லை. சாறு அதிகமாக ஊற்றிய குழிகளில் செல்களே செத்துக் கிடந்தன. அந்த அளவில் பூவே நஞ்சு. நடுவில் ஒரே ஒரு வரிசை, மிதமான அளவு. அதில் மட்டும், பெராக்சைடு பட்டு வெளிறிய குழிகளைவிட ஒரு சாயல் கூடுதலாக ஊதா. மெஷினும் அதையே சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இருக்கு மேடம்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். "கொஞ்சமா இருக்கு. ஆனா நெசமா இருக்கு. இது ஒரு தடவைதான், இன்னும் ரெண்டு தடவை போட்டாத்தான் வாயத் தொறக்கணும்."

பிறகு மிச்சமிருந்த செல்களைத் தானே மருந்து ஊற்றிக் கொன்று, முறைப்படி அப்புறப்படுத்திவிட்டு, மேஜையைத் துடைத்துச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். கடையநல்லூர் பஸ்ஸில் ஏறும்போது எனக்குக் கையசைத்தார். கொஞ்ச காலம் அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் மகன் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் இருக்கிற போன் எண்ணில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

மீதி இரண்டு தடவையை நான் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டு, காத்திருந்து, போட்டேன். நாலு வருஷம் தள்ளிப்போனது என் பட்டம். இரண்டுமுறையும் அதே கொஞ்சம் வந்தது. ஆய்வேட்டில், 'ஆவாரம்பூச் சாறு மிதமான அளவில் செல்களைச் சிறிதளவு காக்கிறது' என்று எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் 'சிறிதளவு' என்பதை அடித்துவிட்டுக் 'குறிப்பிடத்தக்க அளவு' என்று திருத்திக் கொடுத்தார். நான் அதை அடித்துவிட்டுச் 'சிறிதளவு' என்று எழுதினேன். மறுபடி அடித்தார். மறுபடி எழுதினேன். இப்படி எழுதினால் எவனும் மதிக்க மாட்டான் என்றார். மதிக்க வேண்டாம் சார் என்றேன். மூன்றாவது முறை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் ஆய்வேட்டில் இன்றைக்கும் 'சிறிதளவு' என்றுதான் இருக்கிறது.